ஒரு சாண் மறைவு

“நான் செத்து, என்னைத் தூக்கிட்டுப் போறப்பகூட இந்த மனுசன் முன்னாடிதான் நடக்கணும். என் முதுகுக்குப் பின்னாடி ஒரு சாண் மறைவு இவருக்கு இந்த ஜென்மத்துல கிடையாது. எழுதி வச்சுக்குங்க!”

மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கையில் பாதி கடித்த கோழிக்காலோடு செய்யப்பட்ட சபதம் இது. எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாரே ஒழிய, அங்கே யார் கையிலும் பேனா இல்லை. எல்லார் கையிலும் எலும்புதான் இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான். செய்தவருக்கு வயது நாற்பத்தைந்து. தொழில், பல் செய்வது. யாரைப் பார்த்துச் செய்தாரோ அவர், மனைவியின் அண்ணன், எதிர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பல் தெரிந்ததுதான் பெரிய கொடுமை. மச்சானின் கீழ்த்தாடையில், இடப்பக்கம், ஆறாவது பல் நம்மவரே தம் கையால் செய்து கொடுத்தது. மெழுகில் செதுக்கி, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்பார்த்து, இரண்டு முறை மெருகு போட்டுக் கொடுத்த பல். வாயை முழுக்கத் திறந்து சிரித்தால் மட்டுமே தெரியும். அன்று முழுசாகத் தெரிந்தது. பெற்ற பிள்ளையே எதிரி வீட்டு வாசலில் நின்றுகொண்டு தன்னைப் பார்த்துக் கெக்கலித்தால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு.

ஊரில் அவரைப் பல்செட்டார் என்பார்கள். நகல் எடுக்கும் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் அவருடைய டென்டல் லேப். நீளமாக ஓர் அறை. ஒரு மூலையில் மெருகு போடும் மிஷின், ஜன்னலோரம் மேசை, மேசைமேல் மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, எங்கு பார்த்தாலும் பிளாஸ்டர் தூள். சுவர் நெடுக அலமாரி. அதில் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதிய எண். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; இவர் பல் செய்து அனுப்புவார். நோயாளியை இவர் பார்ப்பதே இல்லை. ஊரில் பாதிப் பேரை இவருக்கு முகம் தெரியாது, தாடை தெரியும். பேருந்தில் யாராவது கொட்டாவி விட்டால், “அடடே, நானூத்திப் பதினெட்டா!” என்று மனசுக்குள் நலம் விசாரித்துக்கொள்வார்.

செய்த பற்களை ஏழு கிளினிக்குகளுக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது இருபது வருடப் பழக்கம். அதில் ஒன்று மேட்டுத்தெருவின் உச்சியில். கால் தன்னால் உரமேறியது. ஒருநாள் பாதி வழியில் டியூப் வெடித்துவிட, காத்திருக்கும் பொக்கைவாயை நினைத்து, வண்டியைப் பூட்டிவிட்டு டப்பாவோடு ஓடினார். ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கவில்லை. “பரவாயில்லையே” என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்ட அந்த நிமிடத்தில் பிடித்தது சனி. சைக்கிள் வரும், ஓட்டம் வரும், இனி நீச்சல் ஒன்றுதான் பாக்கி. மூன்றையும் ஒரே காலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதற்கு டிரையத்லான் என்று பேர் வைத்து, அதற்கு மெடல் வேறு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார்.

நாற்பத்தொரு வயதில், ஆறு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் சேர்ந்து நீந்தக் கற்றார். நீச்சல்குளத்துக் காவலர் அவருக்கு வைத்த பேர் ‘கல்லு’. “கல்லு வந்தாச்சா? தண்ணி அளவைப் பாத்துக்கங்க” என்பார் தினமும். நான்கே மாதத்தில் கல் மிதந்தது. முதல் போட்டியில் முந்நூற்று நாற்பது பேரில் முந்நூற்றுப் பன்னிரண்டாவதாக வந்து, ஏதோ நாட்டையே பிடித்தவர்போல் வீட்டுக்கு வந்தார். பொறாமை கிடையாது, பகை கிடையாது. யாரையும் தெரியாத இடத்தில் தோற்பது எவ்வளவு நிம்மதியான காரியம் என்பது தோற்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட வந்தவர்தான் மச்சான். கடைவீதியில் பெரிய டைல்ஸ் கடை. கடைக்குள் போனால் ஒரே வெளிச்சம்; கண்ணாடி போன்ற தரையில் தம் உருவத்தைத் தாமே பார்த்துப் பார்த்து நடப்பவர். “மாப்ளயே பண்றாருன்னா அதுல என்ன பெரிய வித்தை இருக்கப் போவுது?” என்று சொல்லிக்கொண்டு, ஒற்றை விரலால் தூக்கக்கூடிய வெளிநாட்டுச் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதே போட்டிக்குப் பேர் கொடுத்தார்.

இங்கே ஒரு சின்னப் பாடம். சைக்கிளில் வேகமாகப் போகிறவனுக்கு மேடு, வெயில், பசி எல்லாம் பங்காளிகள். பரம எதிரி ஒன்றே ஒன்றுதான், காற்று. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் பாதி வேலைதான். ஊரான் வீட்டு நெய்யே என்று ஓசியில் வரலாம். அதனால்தான் இவர்களைப் போன்ற சாதாரணர்கள் ஓடும் டிரையத்லானில் சட்டம் போட்டிருக்கிறார்கள்: முன்னவனுக்கும் பின்னவனுக்கும் நடுவே பத்து மீட்டர் இடைவெளி வேண்டும். ஒட்டி வந்தால் தண்டனை. நடுவர் மோட்டார் பைக்கில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

அந்தப் போட்டியில் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், முழுக்க ஏரியைச் சுற்றி, முகத்தில் அறையும் காற்று. பல்செட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். தொழிலுக்கு ஆகாது என்று தெரிந்தும் கடித்தார். பின்னால் ஏதோ மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாய் துரத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, எந்த நாய்க்கு நாற்பது கிலோமீட்டர் பொறுமை இருக்கும் என்று சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தால், மச்சான்! சக்கரத்தோடு சக்கரம். நடுவரின் பைக் வரும் சத்தம் கேட்டால் போதும், மச்சானுக்கு ஷூ நாடா அவிழ்ந்துவிடும், குனிந்து பின்தங்குவார். பைக் போனதும் நாடா தானாகக் கட்டிக்கொள்ளும். ஓட்டத்திலும் அதே முதுகு, அதே மூச்சு. முடிவுக்கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கையில், “வரட்டா மாப்ள” என்று ஒரு குரல் காதோரம் கேட்டது. பதினோரு வினாடி முன்னால் போய் மச்சான் மெடலைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார்.

இதுகூடப் போகட்டும். அன்று மாலை, குடும்பமே கூடியிருந்த அந்த மேசையில், மச்சான் அண்ணாந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் என்னமோ காத்து காத்துன்னு பயமுறுத்துனாங்க. எனக்குக் காத்தே படல. மாப்ள முதுகு இருக்கே, அது முதுகு இல்ல. செவுரு! நம்ம டைல்ஸ் நாலு பெட்டி ஒட்டலாம்.”

மேசை குலுங்கியது. மாமனாருக்குப் புரை ஏறியது. நம்மவரின் மனைவி, தாலி கட்டிய பாவத்துக்குச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்போதுதான் கோழிக்காலை உயர்த்தி அந்தச் சபதம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்குப் பேர் ‘செவுரு’. மச்சானின் எட்டு வயது மகள்கூடத் தொலைபேசியை எடுத்து, “அப்பா, செவுரு மாமா பேசறாங்க” என்று கொடுத்தாள்.

வஞ்சம் என்பது சாதாரணமாகச் சூட்டோடு சூடாகத் தீர்க்க வேண்டிய விஷயம், ஆறினால் பழங்கஞ்சி. பல்செட்டார் ஆறவிடவில்லை. அலமாரியிலிருந்து அறுநூற்று மூன்றாம் எண் தாடையை எடுத்தார். மச்சானுடைய தாடை. அதைத் தூசி தட்டி, வீட்டில் பயிற்சிக்காகச் சைக்கிளை நிறுத்தியிருக்கும் இடத்தில், சரியாகக் கண் மட்டத்துக்கு, ஒரு பலகையில் வைத்தார். தினமும் விடிகாலை அந்தப் பிளாஸ்டர் தாடை அவரைப் பார்த்துச் சிரிக்கும். இவர் அதைப் பார்த்து மிதிப்பார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சங்கிலி நறநறக்கும், கூடவே வேறு சிலதும்.

“ஏங்க, காலங்காத்தால எங்கண்ணன் வாயைப் பாத்துக்கிட்டு ஏன் இப்படி வேர்த்து ஊத்தறீங்க?” என்றாள் மனைவி, கையில் காபியோடு.

“அது வாய் இல்ல. லட்சியம்.”

“லட்சியத்துல ஒரு பல்லைக் காணோமே.”

“அந்தப் பல்லைத்தான் நான் குடுத்தேன். குடுத்த கைக்கு எடுக்கவும் தெரியும்.”

எடுத்திருக்கலாம். தொழில்முறையில் அவருக்கு வழி இல்லாமல் இல்லை. ஒருமுறை மச்சான் அதே பல்லில் விளிம்பு உராய்கிறது என்று லேபுக்கே வந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். கையில் சுழலும் கருவியோடு பல்செட்டார் ஒரு நீண்ட நிமிடம் நின்றார். பிறகு, தொழில் தர்மம் காரணமாகவும், சபதத்தில் பல் சேர்த்தி இல்லை என்பதாலும், உராய்ந்த விளிம்பை மட்டும் ஒழுங்காகத் தேய்த்து அனுப்பினார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தைக்குப் போய்ச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கினார். பின்னால் வருகிறவனைப் பார்ப்பதற்கு. கூடவே ஒரு படச் சட்டமும் வாங்கி, வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினார். சட்டம் காலி. போட்டி முடிந்ததும் அதை நடத்தும் சங்கத்தார் வெளியிடும் முடிவுப் பட்டியலில் இரண்டு பேர்களும் வருமாறு வெட்டி அதில் மாட்டுவது திட்டம்: மேலே தம் பேர், கீழே மச்சான் பேர். மாமனார் வீட்டார் எப்போது வந்தாலும் சோபாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே அது தெரிய வேண்டும். உட்கார்ந்து பார்த்து, இரண்டு அங்குலம் இறக்கி மாட்டினார்.

“காலிச் சட்டத்துல உங்க மொகம்தான் தெரியுது. அதையே வச்சுக்கலாம்ல?” என்றாள் மனைவி.

அடுத்த வருடப் போட்டி வந்தது. தண்ணீரிலிருந்து ஏறி, சைக்கிளில் தாவி உட்கார்ந்ததுமே பல்செட்டார் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர். அவ்வப்போது யார் யாரோ வந்தார்கள், மச்சான் இல்லை. இருபதில் மெல்லப் பாட்டுகூட வந்தது வாயில். மச்சான் எங்கோ பின்னால், காற்றில் தனியாக, மறைவுக்கு ஒரு முதுகு கிடைக்காமல் திண்டாடுவதை நினைக்க நினைக்க இனித்தது. அவர் தவிப்பு நீடிக்கட்டும் என்று, அவசரப்படாமல், மிடுக்காக மிதித்தார். நாற்பது கிலோமீட்டரும் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

சைக்கிளை நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுச் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை விரலால் தூக்கக்கூடியது.

நீச்சலிலேயே மச்சான் நாலு நிமிடம் முந்திப் போயிருக்கிறார். பின்னால் வராதவன் முன்னால் போயிருப்பான் என்ற சின்னக் கணக்கு, பழிவாங்கும் அவசரத்தில், பல்செட்டாருக்குத் தோன்றவே இல்லை. அந்த மாலைச் சாப்பாட்டு மேசையைப் பற்றி விவரிக்க வேண்டாம். “செவுருக்குக் கண்ணாடி வேற பதிச்சிருக்காரு, குளியலறை மாதிரி” என்று மச்சான் சொன்னதை மட்டும் குறித்துவிட்டு மேலே போவோம்.

மூன்றாவது முறை அவர் களத்தையே மாற்றினார். டிரையத்லான் வேண்டாம், மலைச் சைக்கிள் போட்டி. ஐம்பத்தைந்து கிலோமீட்டர், காட்டுப் பாதை, கல், சேறு, ஏற்றம். அங்கே காற்றும் கிடையாது, மறைவும் கிடையாது. வேர் தடுக்கினால் யார் முதுகும் காப்பாற்றாது. மாமனார் வீட்டில் எல்லார் முன்னாலும் போட்டிக் காகிதத்தை மேசையில் போட்டு, “டைல்ஸ் போட்ட தரையில மட்டும் ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒத்துவராதுதான்” என்று பொதுவாகச் சொன்னார். மச்சான் அந்த இடத்திலேயே பேர் கொடுத்தார். தூண்டிலில் மீன் விழுந்த சந்தோஷத்தில் பல்செட்டார் அன்று இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார்.

காகிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: பிற்பகல் மூன்று மணிக்குள் முடிவுக்கோட்டைத் தொடாதவர்களின் பேர் பட்டியலில் இடம்பெறாது. அதை அவர் படித்தார். தமக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார். வேறு யாருக்காவது பொருந்தினால் தமக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

போட்டியன்று காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. பல்செட்டாரின் முதுகில் எண் இருநூற்றுப் பதினொன்று, மச்சானுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. சங்கத்தார்கூட மச்சானை அவருக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே இவர் முந்தினார். இருபது வருடம் மேட்டுத்தெருவில் பொக்கைவாய்களுக்காக ஏறிய கால்கள் அவை. வளைவில் திரும்பிப் பார்த்தபோது, கீழே, சிவப்புச் சட்டையில் மச்சான் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பல்செட்டார் பத்திரமாக மனசில் எடுத்து வைத்துக்கொண்டார், பிற்பாடு எத்தனையோ சாப்பாட்டு மேசைகளுக்கு ஆகும் என்று.

பிற்பகல் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடைசிக் குன்றின் உச்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு கூடாரம். தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள். பொறுப்பில் இருந்தவர் தொப்பி போட்ட ஓர் அக்கா, தோளில் வாக்கிடாக்கி. இங்கிருந்து இறக்கம் மூன்று கிலோமீட்டர், அப்புறம் அணைக்கரை மேல் ஒன்பது கிலோமீட்டர், கோடு. வாழைப்பழத்தை உரித்து வாயில் வைக்கும்போது வாக்கிடாக்கி கரகரத்தது.

“இருநூத்திப் பன்னெண்டு குன்றுக்குக் கீழ உக்காந்துட்டாராம். முடியலயாம். வேன் அனுப்பச் சொல்றாங்க” என்றார் அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம்.

பல்செட்டார் பழத்தை வாயிலிருந்து எடுத்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உள்ளே சங்கு ஊதியது. அடுத்த நொடி சின்ன எழுத்து வரி ஞாபகத்துக்கு வந்தது. கண்முன்னே கூடத்துச் சட்டம். அதில் தம் பேர். அதற்குக் கீழே யாரோ, எவரோ, ஊர் பேர் தெரியாத ஓர் இருநூற்று நாற்பது.

“வேன் அனுப்பாதீங்க!” என்று கத்தினார்.

“ஏன்?”

“அவரு எழுந்துருவாரு. நான் போய்ப் பாக்கறேன். திரும்பிப் போகலாமா?”

அக்கா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “சைக்கிள்ல எதிர்ல போகக் கூடாது. ஓரமா நடந்து போகலாம். போட்டியாளருக்குப் போட்டியாளர் உதவலாம், வெளியாள்தான் கூடாது.” பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “உங்களுக்குச் சொந்தமா?”

“எதிரி” என்றார் பல்செட்டார். சைக்கிளைக் கூடாரத்தில் சாய்த்துவிட்டு, இரண்டு பாட்டில் தண்ணீரும் நாலு பழமும் எடுத்துக்கொண்டு, குன்றிலிருந்து கீழே ஓடினார். மேலே ஏறி வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம், “அண்ணே, வழி அந்தப் பக்கம்” என்று கைகாட்டினார்கள்.

இரண்டு கிலோமீட்டர் கீழே, ஒரு பாறையில், கால் இரண்டையும் நீட்டி, உடைந்த பொம்மைபோல் உட்கார்ந்திருந்தார் மச்சான். கெண்டைக்கால் முடிச்சுப் போட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. பாட்டில் காலி. முகத்தில் உப்பு.

“மச்சான், எந்திரிங்க.”

“நீயா? நீ போயிட்டேல்ல?”

“போயிட்டுத்தான் வந்தேன்.”

“எதுக்கு?”

“நீங்க தோக்கணும்.”

“அதான் தோத்துட்டேனே மாப்ள. நல்லாப் பாத்துக்க. போட்டோ வேணா எடுத்துக்க.”

“இது தோல்வி இல்ல. இது லீவு. தோக்கறதுன்னா முடிச்சுட்டுத் தோக்கணும். பேர் வரணும், எனக்குக் கீழ. ரெண்டு வருசமாச் சட்டம் காலியாத் தொங்குது. இந்தாங்க, தண்ணியக் குடிங்க.”

மச்சான் குடித்தார். பல்செட்டார் மண்டியிட்டு, எதிரியின் கெண்டைக்காலை நீவிவிட்டார். மெழுகைப் பிசைந்து பழகிய விரல்கள். முடிச்சு எங்கே என்று தானாகக் கண்டுபிடித்தன. கோபத்தோடுதான் நீவினார், மச்சான் இரண்டு முறை அலறியதே அதற்குச் சாட்சி.

ஏற்றத்தில் மச்சானின் சைக்கிளை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டினார்கள். பாதி வழியில், மூச்சு வாங்குவதற்கு நடுவே, மச்சான் சொன்னார்:

“மாப்ள, அந்த ஏரிப் போட்டியில... மூணாவது கிலோமீட்டர்லயே நான் வண்டியக் கீழ போட்டுட்டு ஓடியிருப்பேன். அந்தக் காத்துல மூச்சே விட முடியல. பயந்துட்டேன். உன் முதுகு ஒண்ணுதான் போயிக்கிட்டே இருந்துச்சு. சரி, அதுபாட்டுக்குப் போவுது, நாமளும் போவோம்னு வந்துட்டேன்.”

“இதை அன்னைக்கு மேசையில சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? என் பொண்ணு உக்காந்திருந்தா. பயந்தேன்னு சொல்ல வாய் வரல. செவுருன்னு சொல்ல வந்துருச்சு.”

“கடைசி இருநூறு மீட்டர்ல மட்டும் பயம் தெளிஞ்சிருச்சாக்கும்?”

மச்சான் கொஞ்சம் யோசித்தார். “அது வந்து... அது என் புத்தி” என்றார்.

இந்த நேர்மையைப் பல்செட்டாரால் சகிக்க முடியவில்லை. வியாபாரி; வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர்; இதுவும் ஏதோ விற்பனைத் தந்திரமாக இருக்கலாம் என்று தம்மை எச்சரித்துக்கொண்டார். “பேசாம உருட்டுங்க” என்றார்.

உச்சியில் தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இறக்கத்தில் இறங்கி, அணைக்கரையில் ஏறியபோது மணி இரண்டு பத்து. ஒன்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். நேர் கோடாகக் கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வானம். மரம் இல்லை, மறைப்பு இல்லை. காட்டில் காற்று இல்லை என்றுதான் இந்தப் போட்டியைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காற்றெல்லாம் இங்கே வந்து இவருக்காகக் காத்திருந்தது. மச்சான் கரையில் ஏறிய இருபதாவது அடியில் சைக்கிள் அப்படியே நின்றது. காலை ஊன்றிக்கொண்டார். முகம் வெளுத்தது.

“மாப்ள, என்னால ஆவாது. நீ போ.”

பல்செட்டார் கணக்குப் போட்டார். மச்சான் தனியாக வந்தால் மூன்றரை ஆகும். பட்டியல் கிடையாது. பட்டியல் வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. அந்த வழியை, கோழிக்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்று தலைமுறையும் பார்க்க அவரே அடைத்து வைத்திருந்தார். மலைச் சைக்கிளில் ஒட்டி வரத் தடையில்லை. சங்கத்தின் சட்டம் அனுமதித்தது. சொந்தச் சட்டம்தான் இடித்தது.

காற்று காதுக்குள் ஊளையிட்டது. அவர் சைக்கிளை மச்சானுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். முதுகை நிமிர்த்தி, தோளை அகலமாக்கிக்கொண்டு, மெதுவாக மிதிக்கத் தொடங்கினார். கைப்பிடிக் கண்ணாடியில் பார்த்தார். சிவப்புச் சட்டை அசைந்தது; நெருங்கியது; சக்கரத்தோடு சக்கரம் ஒட்டியது. பழைய மூச்சுச் சத்தம் மறுபடி பின்னால் கேட்டது.

பழிவாங்குவதற்காகத்தான் என்று முதல் மூன்று கிலோமீட்டர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதன்பிறகு சொல்ல மூச்சு இல்லை.

கரை முடிந்து சாலை திரும்பும் இடத்தில், காற்று சட்டென நின்றது. கோடு இருநூறு மீட்டர். இரண்டு ஐம்பத்தேழு. பல்செட்டாருக்கு மச்சானின் புத்தி தெரியும், மச்சானே சொல்லியிருக்கிறார். அதனால், பின்னால் “வரட்டா” என்று குரல் எழும்பும் முன், எழுந்து நின்று, இரண்டு வருடத்து நறநறப்பையும் காலில் இறக்கி மிதித்தார். நாலு வினாடி முன்னால் கோட்டைத் தொட்டார். நூற்று எண்பத்தேழு, நூற்று எண்பத்தெட்டு. இருவருக்கும் பிறகு அன்று பேர் வாங்கியவர்கள் மூன்றே பேர்.

பட்டியல் சட்டத்தில் ஏறியது. மாமனார் வீட்டார் வந்தார்கள், சோபாவில் உட்கார்ந்தார்கள், நேர் எதிரே பார்த்தார்கள். நாலு வினாடியைப் பற்றிப் பல்செட்டார் நாற்பது நிமிடம் பேசினார். குன்றிலிருந்து இறங்கி ஓடியதைப் பற்றியோ, அணைக்கரையைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. “அந்தக் கரையில பயங்கரக் காத்து அடிக்குமாமே?” என்று மாமனார் கேட்டபோது மச்சான் தம் தட்டையே பார்த்தார்.

“அன்னைக்குக் காத்தே இல்ல மாமா” என்றார் பல்செட்டார்.

எல்லாரும் போனபிறகு மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் போன்ல எல்லாம் சொல்லிட்டான். வெட்டிட்டு வர்றேன்னு போனீங்க. கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்க.”

“பேர் எங்க இருக்குன்னு பாரு. மேலயா, கீழயா?”

“மேலதான், மேலதான்” என்றாள் அவள். அறுநூற்று மூன்றாம் எண் தாடை அதற்குள் லேப் அலமாரிக்குத் திரும்பிவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை. அதே அணைக்கரை. போட்டி இல்லை, முதுகில் எண் இல்லை, நடுவர் இல்லை, மாட்டுவதற்கு வீட்டில் வேறு சட்டமும் இல்லை. எதிர்க்காற்று மட்டும் இருந்தது. பல்செட்டார் மிதித்துக்கொண்டிருந்தார். கைப்பிடிக் கண்ணாடியில் ஒரு சக்கரம் தெரிந்தது; அதற்கு மேலே, குனிந்த ஒரு தலை. காற்று வலுத்தபோது சக்கரம் மெல்லப் பின்தங்கியது. ஒரு முழம் ஆயிற்று, இரண்டு முழம் ஆயிற்று.

பல்செட்டார் கண்ணாடியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், கரையில் யாரும் இல்லை. மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தினார். ஒரு முழம். இன்னும் கொஞ்சம். ஒரு சாண்.

பிறகு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, மறுபடி மிதித்தார்.